வானத்தில் குறி பார்த்தல்



பறக்கும் விமானத்திலிருந்து பறக்கும் விமானத்தைச் சுட்டு வீழ்த்துவது எப்படி? இக்கேள்விக்குப் பலரும் உடனே அளிக்கும் விடை ‘கண் கூர்மை, கை வேகம்’ என்பதே. திரைப்படங்களும் நமக்கு அவ்வாறே கற்பித்திருக்கின்றன. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வேறொரு விடை கிடைக்கிறது. வானத்தில் குறி தவறாத திறமை வானத்தில் பிறந்ததன்று. அது தரையிலே, கணக்குப் புத்தகத்திலும், மரக்கட்டையிலும், புகைப்படச் சுருளிலும், இசைக்கருவித் தொழிற்சாலையிலும் பிறந்தது. அந்த வரலாற்றின் தொடக்க ஏடுகளில் ஒன்று நம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் முடிவுற்றது. மற்றொன்று நம் திண்டுக்கல் மலைமேல் எழுதப்பட்டது. அவற்றை இன்று வரிசையாகப் பார்ப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் பீரங்கி சுடுவது ஒரு கைத்தொழிலாகவே இருந்து வந்தது. குண்டு என்ன வேகத்தில் செல்கிறது என்பதை அளந்தறிந்தவர் எவருமில்லை. இங்கிலாந்தில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற கணித அறிஞர் ஓர் எளிய உபாயம் கண்டார். கனத்த மரக்கட்டை ஒன்றை ஊஞ்சல் போலத் தொங்கவிட்டு, அதன்மீது துப்பாக்கியால் சுட்டார். குண்டு பாய்ந்ததும் கட்டை எவ்வளவு தூரம் பின்னே ஆடிற்று என்பதை அளந்து, அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். வினாடிக்கு 1,600 அடிக்கும் மேற்பட்ட வேகம் அவ்வாறு முதன்முதலாகக் கணக்கில் பிடிபட்டது. அத்துடன், பறக்கும் குண்டைக் காற்று எவ்வளவு கடுமையாகத் தடுக்கிறது என்பதும் வெளிப்பட்டது. 1742ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலை, ஆய்லர் என்னும் மாபெரும் கணித மேதையே 1745இல் ஜெர்மானிய மொழியில் பெயர்த்து விரிவுரை எழுதினார் என்றால் அதன் பெருமை விளங்கும்.

இந்த ராபின்ஸ் 1750ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நம் நாட்டுக்கு வந்தார். சென்னையிலும் கடலூரிலும் கோட்டைகளைச் சீர்திருத்துவது அவருக்கு இட்ட பணி. நம் நாட்டு வெப்பமும் காய்ச்சலும் அவரை அதிக நாள் விட்டுவைக்கவில்லை. 1751 ஜூலை 29ஆம் நாள் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் அவர் காலமானார். குண்டின் வேகத்தை முதலில் ஒழுங்காக அளந்த மனிதர் தமிழ் மண்ணில் உயிர் நீத்தார் என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்!

அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1755இல் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக நியமிக்கப்பட்டார். திண்டு போன்ற வடிவுடைய நம் மலைக்கோட்டை அப்போது அவர் கைக்கு வந்தது. ஹைதர் அலி எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் கற்றவர்களின் பயனை நன்கறிந்தவர். பிரெஞ்சுக்காரர்களான பொறியாளர்களையும் கைவினைஞர்களையும் வரவழைத்து, திண்டுக்கல்லில் ஒரு படைக்கலச் சாலையை நிறுவினார்; முறையான பீரங்கிப் படை ஒன்றைப் பயிற்றுவித்தார். பின்னாளில் ஆங்கிலேயரைக் கலங்கச் செய்த மைசூர்ப் பீரங்கிப் படையின் பள்ளிக்கூடம் நம் ஊர்தான் என்று கூறினால் அது மிகையாகாது. 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை இக்கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தபோதும், 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி இது கம்பெனிக்கு உரியதானபோதும் அந்தப் பழைய கதை ஒருவாறு முடிந்தது.

மலைக்கோட்டையின் மேல் நின்று கீழே சமவெளியை நோக்குகிறவர்களுக்கு ஒன்று எளிதில் விளங்கும். பீரங்கி நிலையாக இருக்கிறது. குறியும் பெரும்பாலும் நிலையாகவே இருக்கிறது. முதற் குண்டு குறிக்கு இப்பால் விழுந்தால், பீரங்கிக்காரன் வாயைச் சற்றே உயர்த்துவான். அப்பால் விழுந்தால் தாழ்த்துவான். மூன்றாவது நான்காவது குண்டு குறியில் விழும். பிழையைக் கண்ணால் காண்பது, அளப்பது, திருத்துவது என்ற இம்மூன்றுமே அவனுடைய கலை.

விமானம் வந்ததும் இக்கலை ஒரேயடியாகச் சீர்குலைந்து போயிற்று. ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் காண்போம். எதிரி விமானம் நமக்குக் குறுக்கே மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 139 மீட்டர். அது நம்மிடமிருந்து 300 மீட்டர் தொலைவில் இருக்கிறது. நம் குண்டு வினாடிக்குச் சுமார் 740 மீட்டர் செல்லும். காற்றின் தடையையும் நம் விமானத்தின் சொந்த வேகத்தையும் இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால், குண்டு அங்கே போய்ச் சேர 0.4 வினாடி ஆகும். கண் இமைக்கும் அந்த நேரத்திற்குள் எதிரி விமானம் சுமார் 56 மீட்டர் முன்னே சென்றுவிடும். விமானத்தின் நீளமோ 9 மீட்டர். ஆகவே விமானத்தைக் குறி பார்த்துச் சுட்டால் குண்டு வெற்று வெளியில்தான் போகும். விமானத்தின் மூக்குக்கு முன்னே ஆறு விமான நீளம் தள்ளி, ஒன்றுமில்லாத இடத்தைக் குறி பார்த்துச் சுட வேண்டும். இதை ‘முன்குறி வைத்தல்’ என்று நாம் கூறலாம். உண்டிவில்லால் பறக்கும் காக்கையை அடிக்க முயன்ற சிறுவர் அனைவரும் இந்த உண்மையை ஒருவாறு உணர்ந்தவர்களே.

இதற்குமேல் இன்னுமொரு தொல்லை உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்து எட்டுத் துப்பாக்கி ‘ஹரிக்கேன்’ விமானத்தில் மொத்தம் சுமார் 15 வினாடி சுடுவதற்குத்தான் குண்டு இருந்தது. மலைக்கோட்டைப் பீரங்கிக்காரனைப் போல ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்துத் திருத்த நேரமுமில்லை, குண்டுமில்லை. பிழையை எதிரியின் முன்னிலையில் திருத்திக்கொள்ள முயன்றவன் பெரும்பாலும் திரும்பி வரவில்லை.

முதல் உலகப்போரிலே இந்தப் பாடம் விலை கொடுத்துக் கற்கப்பட்டது. 1915இல் விமானத்தின் மூக்குப் பக்கமாகச் சுடும் துப்பாக்கிகள் வந்தன. சுழலும் விசிறியில் குண்டு படாமல் இடைவெளியில் மட்டும் சுடும் பொறியையும் அவ்வாண்டிலேயே ஜெர்மானியர் போர்முனைக்குக் கொண்டு வந்தனர். அன்று முதல் விமானி தன் விமானத்தையே துப்பாக்கியாகத் திருப்பிக் குறி பார்க்க வேண்டியதாயிற்று. அவ்வீரர்களுள் நம் நாட்டவர் ஒருவர் இருந்தார். கல்கத்தாவில் 1898இல் பிறந்த இந்திரலால் ராய், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு 1917இல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவருடைய விமானம் நொறுங்கிக் காயமுற்றார். மேற்கொண்டு பயிற்சி பெறுவதற்காக இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். உடல் தகுதியில்லை என்று மருத்துவர் கூறியதையும் மாற்றச் செய்து, 1918 ஜூன் மாதத்தில் நாற்பதாம் படைப்பிரிவில் சேர்ந்தார். ஜூலை மாதத்தில் இரண்டு வாரத்திற்குள் 10 வெற்றிகள் அவர் கணக்கில் பதிவாயின. டிசம்பரில் விழுந்த அதே இளைஞர்தாம் அவர். இடையில் நடந்தது பயிற்சி. ஆயினும் ஜூலை 22ஆம் நாள் பிரான்சு நாட்டு வானத்தில் நிகழ்ந்த சண்டையில் அவர் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 19. இன்று கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயிலும் மாணவனின் வயது அது என்பதை நீங்கள் மறவாதிருக்க வேண்டும்.

உயிரையும் குண்டையும் செலவிடாமல் குறி பார்க்கக் கற்பிப்பது எப்படி என்ற ஆராய்ச்சி இவ்வாறு தொடங்கிற்று. முதலில் வந்தது கேமராத் துப்பாக்கி. வடிவத்தில் துப்பாக்கி, உள்ளே இருப்பதோ படச்சுருள். விசையை இழுத்தால் குண்டு புறப்படாது, படம் பதியும். தரைக்கு வந்து படத்தைக் கழுவிப் பார்த்தால், குறி எங்கே இருந்தது, தான் எங்கே நோக்கினான் என்பது மாணவனுக்கும் ஆசிரியனுக்கும் ஒருங்கே தெரியும். ‘நான் சரியாகத்தான் சுட்டேன்’ என்ற வாதத்திற்கு அங்கே இடமில்லை.

அடுத்து வந்தது இழுவைக் குறி. ஒரு விமானம் நீண்ட கயிற்றில் துணியாலான பெரும் பை ஒன்றைப் பின்னே இழுத்துச் செல்லும். பயிற்சி பெறுவோர் அதன்மீது சுடுவர். ஒவ்வொருவர் குண்டின் நுனியிலும் வெவ்வேறு வண்ணம் தோய்த்திருப்பார்கள். துணியில் காணும் துளையின் ஓரத்திலுள்ள நிறத்தைக் கண்டு, எவர் எத்தனை மதிப்பெண் பெற்றார் என எண்ணிவிடலாம். விடைத்தாள் திருத்திப் பழகிய என்போன்ற ஆசிரியர்களுக்கு இம்முறை மிகவும் மனத்துக்கு உகந்தது!

மூன்றாவதுதான் மிகவும் வியப்பானது. அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலையை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர் எட்வின் லிங்க். விமானம் ஓட்டக் கற்பதற்கு ஆகும் செலவை அவரால் தாங்க முடியவில்லை. ஆர்கன் வாத்தியத்தில் காற்றடைக்கும் துருத்திகளை எடுத்து, அவற்றின்மேல் ஒரு சிறு மரவிமானத்தை அமைத்தார். உள்ளே அமர்ந்து கைப்பிடியை அசைத்தால் அது உண்மை விமானம் போலவே சாயும், தலை தூக்கும், திரும்பும். ஆனால் தரையை விட்டு எழாது. 1929இல் உருப்பெற்ற அதைப் பலரும் கண்காட்சி விளையாட்டுப் பொருளென்றே கருதினர். 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் ஏற்றிச் செல்லும்போது மூடுபனியிலும் புயலிலும் சிக்கிப் பலர் மாண்ட பிறகுதான், இராணுவம் 6 பொறிகளை விலைக்கு வாங்கிற்று. இன்று நாம் ‘சிமுலேட்டர்’ என்று கூறும் பாவனைப் பயிற்சிப் பொறிகள் அனைத்துக்கும் இதுவே மூதாதை. இரண்டாம் போரின்போது பிரெட் வாலர் என்பவர், வளைந்த திரையில் ஐந்து படக்கருவிகளால் எதிரி விமானங்களைக் காட்டி, சுடுவோர்க்குப் பயிற்சி அளிக்கும் பொறியை உண்டாக்கினார். போர் முடிந்தபின் அதே நுட்பத்திலிருந்துதான் 1952இல் ‘சினிராமா’ என்னும் அகலத்திரைப் படம் தோன்றிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8ஆம் நாள் தோன்றியது. பத்தாண்டுகளுக்குள் போர் நம் வாசலுக்கே வந்துவிட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகர மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடிவந்த காலம் அது. விமானங்கள் இருந்தால் மட்டும் போதாது, அவற்றில் இருப்போர் குறி தவறாமல் சுட வேண்டும் என்பது அப்போது நன்கு உறைத்தது.

ஆகவே 1943இல் ஒரிசாவின் மயூர்பஞ்ச் பகுதியில் அமர்தா ரோடு என்னுமிடத்தில் வான்போர்ப் பயிற்சிப் பிரிவு ஒன்று ஏற்பட்டது. பிரான்சிலும் பிரிட்டனிலும் பர்மாவிலும் போரிட்டுப் பழுத்த பிராங்க் கேரி என்பவர் அதற்குத் தலைமை பூண்டார். ஏற்கெனவே விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள்தாம் அங்கே அனுப்பப்பட்டனர். குறி பார்ப்பதை மட்டும் அவர்கள் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து கற்றனர். போபாலை அடுத்த பைராகரில் விமானத் துப்பாக்கி வீரர்களுக்கென்றே தனிப் பள்ளி நடந்தது. எனினும் உண்மை விமானத்தில் பயிலும் பயிற்சிக்கும் ஒரு விலை இருந்தது. 1945 ஜூலை 26ஆம் நாள், அமர்தா ரோடு பகுதியில் அணிவகுத்துப் பறந்து பயின்ற இரண்டு ‘லிபரேட்டர்’ விமானங்கள் ஒன்றோடொன்று மோதி 14 பேர் மாண்டனர். எதிரி எவனும் அங்கே இருக்கவில்லை. தரைப் பயிற்சிப் பொறியின் அருமையை உணர்வதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

அதே போர்க்காலத்தில் குறிகாட்டும் கருவியிலும் ஒரு புரட்சி உண்டாயிற்று. பம்பரம் சுழலும்போது தன் அச்சை எளிதில் மாற்றாது என்பதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய பம்பரம் ஒன்றைக் குறிகாட்டியில் அமைத்தார்கள். அதற்கு ‘கைரோ’ குறிகாட்டி என்று பெயர். விமானி எதிரி விமானத்தின் இறக்கை அகலத்தைக் கருவியில் குறித்து வைப்பான். பின், கைப்பிடியைத் திருகி, கண்ணாடியில் தோன்றும் ஒளிப்புள்ளி வளையத்துக்குள் எதிரி விமானம் சரியாக அடங்குமாறு செய்வான். தொலைவு தெரிந்துவிடும். தன் விமானம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைப் பம்பரம் உணர்ந்து, முன்குறி எவ்வளவு என்பதைக் கருவியே காட்டிவிடும். ஆயின் ஒரு நிபந்தனை: விமானி பதறாமல், சிறிது நேரமாவது விமானத்தை ஒரே சீராகத் திருப்ப வேண்டும். பதறினால் ஒளிவளையமும் பதறும். கருவி கணக்குப் போட்டது. நிதானத்தை மனிதன்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்த நிதானத்தின் பயனை 1971 நவம்பர் 22ஆம் நாள் நாடு கண்டது. வங்காள எல்லையில் பொய்ரா என்ற இடத்தருகே, பாகிஸ்தானின் ‘சேபர்’ விமானங்களை நம்முடைய நான்கு ‘நாட்’ விமானங்கள் எதிர்த்தன. மாஸ்ஸி, கணபதி, லாசரஸ், சோரஸ் என்போர் அவற்றின் விமானிகள். ‘நாட்’ மிகச் சிறிய விமானம். அதில் இரண்டே பீரங்கித் துப்பாக்கிகள். ஒவ்வொன்றிலும் 115 குண்டுகள். இடைவிடாது சுட்டால் ஆறு வினாடிக்குள் தீர்ந்துவிடும். சில நிமிடங்களில் சண்டை முடிந்தது. இரண்டு சேபர் விமானிகள் பாரசூட்டில் இறங்கிச் சிறைப்பட்டனர். அவர்களுள் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பின்னாளில் பாகிஸ்தான் விமானப் படைக்கே தலைவரானார். பள்ளி மாணவனாயிருந்த நான் அச்செய்தியை வானொலியில் கேட்டுக் குதித்தது இன்றும் நினைவிருக்கிறது.

அச்சண்டையில் மூன்று விமானங்கள் வீழ்ந்தன என்பது இந்தியத் தரப்பு. இரண்டே வீழ்ந்தன, மூன்றாவது சேதமுற்று டாக்காவுக்குத் திரும்பியது என்பது பாகிஸ்தான் தரப்பு. வரலாறு பயில்வோர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். வான்போரில் எந்நாட்டு வீரனும் தான் கண்டதாக எண்ணுவதைவிடச் சற்று அதிகமாகவே கூறிவிடுவது இயல்பு. அது பொய்யன்று, பரபரப்பின் விளைவு. எனவேதான் உண்மைப் போரிலும் துப்பாக்கியோடு கேமராவையும் இணைத்தார்கள். பயிற்சிக்குப் பிறந்த கருவி பின்னர் சாட்சியாகவும் ஆயிற்று.

ஏவுகணைகள் வந்தபின் துப்பாக்கி வேண்டியதில்லை என்று ஒரு காலத்தில் எண்ணினர். அமெரிக்கரின் ‘பாண்டம்’ விமானம் தொடக்கத்தில் துப்பாக்கியின்றியே கட்டப்பட்டது. வியட்நாம் போர் அந்த எண்ணத்தைப் பொய்யாக்க, பின்னர் வந்த வகையில் துப்பாக்கியை உள்ளேயே பொருத்தினர். ஆகவே பழைய கலை அழிந்துபோகவில்லை.

இன்று நம் திண்டுக்கல் சமவெளியின் வடமேற்கே சூலூருக்கு 2018இல் ‘தேஜஸ்’ படைப்பிரிவு ஒன்று வந்து சேர்ந்தது. வடகிழக்கே தஞ்சாவூரில் 2020இல் ‘சுகோய்’ படைப்பிரிவு நிலைகொண்டது. தாம்பரத்தில் 1954 முதல் விமானப் பயிற்சி ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி நடந்து வருகிறது. ஐதராபாத்தை அடுத்த துண்டிகல்லில் உள்ள விமானப்படைக் கழகத்தை நம் திண்டுக்கல்லென்று மயங்கி, ‘நம் ஊரிலா ஐயா?’ என்று என்னிடம் வினவிய மாணவர் பலர்! அவர்கள் ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்தேனேயன்றி நகைக்கவில்லை.

லிங்கின் மரப்பெட்டி செய்த வேலையை இன்று வீட்டுக் கணிப்பொறியே செய்கிறது. உங்களில் பலர் அதில் போர்விமானம் ஓட்டி விளையாடுகிறீர்கள். ‘எவ்வளவு சுட்டும் படவில்லையே’ என்று சலிப்பதையும் நான் கேட்டிருக்கிறேன். மேலே கண்ட வரலாறு முழுவதும் அச்சலிப்புக்கு விடையாகும். தொலைவிலிருந்து சுடாதீர், 200, 300 மீட்டருக்குள் நெருங்குக. தொலைவு பாதியானால் முன்குறியின் அளவும் பாதியாகும். விமானத்தைப் பக்கவாட்டில் வழுக்கவிடாமல் சீராகத் திருப்புக. வழுக்கும் விமானத்தின் குண்டு குறிகாட்டி காட்டும் வழியில் செல்லாது. எதிரி எந்தச் சாய்வில் திரும்புகிறானோ அதே சாய்வில் நீங்களும் திரும்புக. அப்போது அவன் உங்கள் குறிகாட்டியில் நேர்க்கோட்டில் நகர்வான். குண்டுகளை வாரி இறைக்காமல், ஒரு வினாடி அளவே சுட்டு நிறுத்துக. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டம் முடிந்ததும் அதன் பதிவைப் போட்டுப் பார்த்து, குண்டு பின்னே போயிற்றா, மேலே போயிற்றா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுக. பெரும்பாலோர்க்குக் குண்டு பின்னேதான் போயிருக்கும். அதை ஒருமுறை கண்ணால் கண்டவன் மறுமுறை தானாகவே இன்னும் முன்னே நோக்குவான்.

முப்பதாண்டுக்கு மேல் ஆசிரியப் பணியாற்றிய எனக்கு, இவ்வரலாற்றில் வீரத்தைவிடப் பள்ளிக்கூடமே பெரிதாகத் தெரிகிறது. ராபின்ஸின் மரக்கட்டை, ஹைதரின் படைக்கலச் சாலை, வண்ணம் தோய்த்த குண்டு, கேமராச் சுருள், லிங்கின் துருத்தி ஆகிய இவையாவும் ‘நீ எவ்வளவு தவறினாய்’ என்பதை முகத்தாட்சணியமின்றிச் சொல்லும் ஆசிரியர்களே. தவற்றை மறைக்காமல் காட்டும் ஆசிரியரிடம் பயின்றவர்களே தேர்ந்தார்கள். உங்கள் கணக்கிலும், மொழியிலும், ஆய்வுக் கூடத்திலும் இதே முறை செல்லும்.

இறுதியாக ஒன்று. கணிப்பொறித் திரையில் வீழும் விமானத்தில் ஒருவரும் இருப்பதில்லை. பொத்தானை அழுத்தினால் நீங்கள் மீண்டும் பறக்கலாம். அமர்தா ரோடில் மாண்ட பதினால்வருக்கும், பத்தொன்பது வயது இந்திரலாலுக்கும் அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர்கள் காலத்து இளைஞர் உயிர் கொடுத்துக் கற்ற பாடத்தை நீங்கள் நாற்காலியில் அமர்ந்து கற்கிறீர்கள். அந்த நன்றியுணர்வோடு கற்பீர்களாக.